தேய்ந்த சென்ட்டின் தரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் சென்ட் (பென்னி என்றும் சொல்லும் ஒரு சென்ட் காசு) அடிப்பதை நிறுத்திய பிறகு பழைய சில்லறைக் காசுகளைப் பற்றி நிறையக் கடிதங்கள் வருகின்றன. இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் நியூ ஜெர்சியில் வங்கிக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லிங்கன் சென்ட்டும், பின்பக்கம் எருமை உள்ள பழைய ஐந்து சென்ட் காசான எருமை நிக்கலும்தான் என் சேகரிப்பு. தங்கக் காசு, பெரிய வெள்ளி டாலர் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பென்னி இனி வராது என்கிறார்கள். என் வீட்டில் இரண்டு பெரிய ஜாடி நிறைய பென்னி இருக்கிறது. பத்து வருடம் வைத்திருந்தால் நல்ல விலை போகுமா?
– ஆர்.கே., டாலஸ்

போகாது. புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் அடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்குப்படி ஒரு சென்ட்டை அடிக்க 3.69 சென்ட் செலவாகிக்கொண்டிருந்தது. ஆனால் அடித்துவைத்தவை ஆயிரக்கணக்கான கோடிகள். எல்லார் வீட்டிலும் ஒரு ஜாடி இருக்கிறது. கடையில் கொடுத்தால் இன்றைக்கும் செல்லும் காசுதான்.

செம்பு விலை கணக்குப் போடுகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1982-க்கு முந்தைய சென்ட்டில் 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். 1982-இன் நடுவில் துத்தநாகத்துக்கு மாறினார்கள், அது 2.5 கிராம். ஆனால் சென்ட்டையும் நிக்கலையும் உருக்குவதற்கு 2007 முதல் தடை இருக்கிறது.

ஜாடியைக் கொட்டி ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர் உள்ளவற்றைத் தனியாக எடுங்கள். அவை 1909 முதல் 1958 வரை வந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை சில சென்ட்டுக்கு மேல் போகாது. இருந்தாலும் பார்க்கப் பழகுவதற்கு அவற்றைவிட நல்ல பாடம் இல்லை. நான் கவுண்டரில் இருந்த காலத்தில் யாராவது பழைய ரோலை (தாளில் சுற்றிய காசுக் கட்டு) கொண்டுவந்து மாற்றினால், என் கைக்காசைப் போட்டு அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

'விஎஃப் 30', 'எம்எஸ் 65' என்றெல்லாம் போடுகிறார்களே, அந்த எண்ணை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? ஏன் 100-க்கு மதிப்பெண் போடாமல் 70-க்குப் போடுகிறார்கள்?
– எஸ். ஜே., எடிசன்

இந்த 70 ஒரு விலைக் கணக்கிலிருந்து வந்தது. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் பழைய பெரிய செப்புச் சென்ட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1793 முதல் 1857 வரை அமெரிக்காவில் சென்ட் என்றால் இன்றைய கால் டாலரைவிடப் பெரிய செம்புக் காசு. அதில் அடையாளம் மட்டும் தெரியும் தேய்ந்த காசு ஒரு டாலர் பெறும் என்றால், அடித்த மெருகு போகாத அதே காசு எழுபது டாலர் பெறும் என்பது அவர் கணக்கு. இடையில் உள்ள நிலைகளுக்கும் அப்படியே எண் கொடுத்தார். விலைகள் சில ஆண்டுகளிலேயே எங்கோ போய்விட்டன. எண் மட்டும் நின்றுவிட்டது, பிறகு எல்லா அமெரிக்கக் காசுக்கும் அதுவே அளவானது.

அதே ஷெல்டன், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த தாழ்ந்த காசுகளை அந்த இடத்தில் வைத்தார் என்பது பின்னால் தெரியவந்தது. நீதிமன்றம் வரை போன வழக்கு அது. தரம் பிரிக்கும் கண் இருந்தவரே இப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் பார்த்துத் தரம் எழுதுவதை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிசிஜிஎஸ் என்ற நிறுவனம் 1986-இலும் என்ஜிசி என்ற நிறுவனம் 1987-இலும் அந்த வேலையைத் தொடங்கின. காசைப் பார்த்து, எண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். அதைத்தான் ஸ்லாப் என்கிறோம்.

இனி எண்ணுக்கு வருவோம். 60 முதல் 70 வரை எம்எஸ், அதாவது புழங்காத காசு. 50 முதல் 58 வரை ஏயூ: மேடான இடங்களில் மட்டும் லேசான உரசல். அதற்குக் கீழே எக்ஸ்எஃப், விஎஃப், ஃபைன், விஜி, குட் என்று இறங்கும். குட் என்பதற்கு 4. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், குட் என்றால் நன்றாகத் தேய்ந்த காசு.

ஒவ்வொரு காசிலும் தேய்மானம் முதலில் தெரியும் இடம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதித் தரம் உங்கள் கையில். லிங்கன் சென்ட்டில் பின்பக்கத்துக் கதிர்களைப் பாருங்கள். கதிரில் நெடுக ஓடும் மெல்லிய கோடுகள் அநேகமாக மறைந்திருந்தால் குட். மேல்பகுதியில் பாதிக் கோடு தெரிந்தால் விஜி. தேய்ந்தாலும் எல்லாக் கோடும் தெரிந்தால் ஃபைன். கதிரில் தேய்ந்த திட்டே இல்லாமல், முன்பக்கம் லிங்கனின் கன்ன எலும்பும் தாடையும் தனித்தனியாகத் தெரிந்தால் விஎஃப். அதற்கு மேலே போகப் போக, கன்னத்திலும் தாடையிலும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதில்தான் எல்லாம்.

1859 முதல் 1909 வரை வந்த இந்தியன் ஹெட் சென்ட்டில் தலைப்பட்டையில் 'லிபர்ட்டி' என்று ஏழு எழுத்து இருக்கும். எழுத்தே தெரியாவிட்டால் குட், மூன்று எழுத்தாவது தெரிந்தால் விஜி, முழுச் சொல்லும் தெரிந்தால் ஃபைன்.

எருமை நிக்கலில் கொம்பு. குட் காசில் கொம்பு தெரியாது. ஃபைனில் பெரும்பகுதி தெரியும், விஎஃப்பில் கிட்டத்தட்ட முழுசு. இங்கேதான் கவனம் வேண்டும். 1920-களில் டென்வரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அடித்த நிக்கல்கள் பலவற்றில் அச்சு சரியாகப் பதியவில்லை. 1926-இன் டென்வர் காசு அதற்குப் பேர்போனது. புழங்காத காசிலேயே எருமையின் தலையும் தோளும் மொழுக்கென்று இருக்கும். அதைத் தேய்மானம் என்று நினைத்துத் தாழ்த்திவிடக் கூடாது. மொழுக்கான இடத்தில் உலோகத்தின் மூல மினுமினுப்பு இருக்கிறதா என்று விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் அச்சின் குறை, இல்லாவிட்டால் தேய்மானம்.

ஐந்து மடங்கு லென்ஸ் ஒன்றும் ஒற்றை பல்பு உள்ள மேசை விளக்கும் போதும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எல்லாக் காசும் கீறல் விழுந்ததாகவே தெரியும்.

1909-எஸ் விடிபி சென்ட் ஒருவர் ஸ்லாப் இல்லாமல் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். அவர் தெரிந்தவர்தான். வாங்கலாமா?
– பி.வி., சிகாகோ

வாங்காதீர்கள். தெரிந்தவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவரை யாராவது ஏமாற்றியிருக்கலாம்.

லிங்கன் பிறந்து நூறு ஆண்டு ஆனதற்காக 1909-இல் அவர் தலையைச் சென்ட்டில் போட்டார்கள். அமெரிக்காவின் வழக்கமான புழக்கக் காசில் நிஜமாக வாழ்ந்த ஒருவரின் முகம் வந்தது அதுதான் முதல் முறை. வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர். தன் பெயரின் முதலெழுத்துகள் வி.டி.பி. மூன்றையும் பின்பக்கம் அடியில் போட்டிருந்தார். எழுத்து பெரிதாக இருக்கிறது என்று புகார் கிளம்பியது, சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான் பிரான்சிஸ்கோவில் அடித்து முடித்தது 4,84,000 மட்டும். பிலடெல்பியாவில் அடித்ததோ சுமார் 2 கோடியே 80 லட்சம்.

மோசடியும் அங்கிருந்துதான் வருகிறது. எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் எழுத்து (சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ், டென்வருக்கு டி) அன்றைய பிலடெல்பியா காசில் கிடையாது. அதில் தேதிக்குக் கீழே ஒரு 'எஸ்' ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. நிஜமான எஸ்ஸுக்கு வடிவமும் நிற்கும் இடமும் திட்டமாக உண்டு. ஆனால் அதைக் கண்ணால் பிடிக்க, நிஜமான காசுகளைக் கையில் வைத்துப் பார்த்த பழக்கம் வேண்டும். நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கும் இடத்தில் அந்தப் பரீட்சை எதற்கு?

1914-டி விஷயத்தில் நீங்களே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 1944-டி காசை எடுத்து முதல் '4'-ஐச் செதுக்கி '1' ஆக்குவார்கள். பிரென்னரின் முதலெழுத்துகள் 1918-இல் லிங்கன் தோளுக்கு அடியில் பொடியாகத் திரும்பி வந்தன. அதனால் 1914 என்று சொல்லும் காசின் தோளில் வி.டி.பி. இருந்தால் அது 1914 கிடையாது. 9-க்கும் 1-க்கும் இடையில் அதிகமான இடைவெளியும் தெரியும். இந்தக் காசைக் கண்காட்சியில் யார் மேசையில் பார்த்தாலும் முதலில் தோளைத்தான் பார்ப்பேன்.

டைம் (பத்து சென்ட் காசு) சேர்ப்பவர்களுக்கு இதே எச்சரிக்கை 1916-டி மெர்க்குரி டைமுக்கு. மொத்தம் 2,64,000 மட்டுமே அடித்தார்கள், டி ஒட்டிய போலிகள் ஏராளம்.

இந்த மாதிரிக் காசுகளை ஸ்லாபில் மட்டும் வாங்குங்கள். ஸ்லாபையும் அப்படியே நம்பிவிட வேண்டாம், போலி ஸ்லாபும் வருகிறது. அதில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பல காசுகளுக்குப் படமும் இருக்கும். படத்தில் உள்ள கீறலும் கறையும் கையில் உள்ள காசிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

என் அத்தான் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த பழைய செம்புக் காசுகள் கறுத்துப்போய் இருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். விற்கும் முன் செய்யலாம் அல்லவா?
– ஒரு வாசகி, திருச்சி

கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள்! புளி, எலுமிச்சை, பற்பசை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அழகு சேர்க்கும் புளி, பழைய காசின் மேல்தோலை அரித்துவிடும். நூறு வருடத்தில் தானாக வந்த பழுப்பு நிறம் ஒரு நிமிடத்தில் போய்விடும், திரும்ப வராது.

செம்புக் காசுக்குத் தர எண்ணோடு நிறத்தையும் எழுதுவார்கள். ஆர்டி என்றால் அடித்தபோது இருந்த சிவப்பு அநேகமாக முழுசாக மிஞ்சியது. ஆர்பி என்றால் பாதி மாறியது. பிஎன் என்றால் முழுப் பழுப்பு. ஒரே ஆண்டு, ஒரே எண் என்றாலும் ஆர்டிக்கும் பிஎன்னுக்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படும். தேய்த்துக் கொண்டுவந்த சிவப்பு ஆர்டி ஆகாது. பார்த்தவுடனே தெரியும், மொட்டையான ஆரஞ்சு நிறம். அப்படிப்பட்ட காசுக்கு எண்ணே போடமாட்டார்கள். 'டீடெயில்ஸ், சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள்.

எனக்கு நல்ல பழுப்பு சென்ட்தான் பிடிக்கும். சாக்லேட் நிறத்தில், பச்சை படியாமல், முகம் சீராகத் தேய்ந்த ஒரு விஎஃப் காசைக் கையில் வைத்துப் பாருங்கள். அது புழங்கிய காலம் அதில் தெரியும். ஆர்டி காசை வாங்கி நம் ஊர் ஈரக்காற்றில் வைத்தால் சில வருடத்தில் புள்ளி விழுந்துவிடும் என்ற கவலையும் பழுப்பில் இல்லை.

எண்ணெய்ப் பிசுக்கோ பசையோ ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் போட்டு எடுக்கலாம். கடையில் விற்கும் நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் நிறமும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கம் போகாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் செய்யுங்கள். துணியால் துடைக்கக் கூடாது, தானாக உலர விடுங்கள். அப்புறம் வழவழப்பான மெத்துப் பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள். பிவிசி கசிந்து காசில் பச்சைப் பிசின் படியும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் ஜன்னல் வைத்த அட்டை உறை போதும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாற்றுங்கள்.

1943 தேதி போட்ட செம்பு நிற சென்ட் கிடைத்திருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே?
– எம்., ஹூஸ்டன்

முதலில் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943-இல் துத்தநாகம் பூசிய எஃகில் நூறு கோடிக்கும் மேல் சென்ட் அடித்தார்கள். லட்சக்கணக்கில் போவது அந்த ஆண்டு தவறுதலாகச் செம்பிலேயே அடித்த ஒரு சில மட்டும். எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி விற்றவை நிறைய. காந்தத்தில் ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் '3'-ஐ லென்ஸில் பாருங்கள். 1948-இன் எட்டை வெட்டி மூன்றாக்கியிருந்தால் வளைவு சரியாக வராது. 1943-இன் நிஜமான 3-இன் வால் மற்ற எண்களைத் தாண்டிக் கீழே இறங்கும். இதையும் தாண்டினால் எடை 3.11 கிராம் அளவில் இருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரியாக வந்தால் மட்டும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசிக்கு அனுப்பும் செலவு நியாயம்.

1883 ஐந்து சென்ட் காசு ஒன்று தங்க முலாம் பூசி இருக்கிறது. இது அரிதா?
– கே.எஸ்., டொராண்டோ

அந்த ஆண்டு வந்த புது நிக்கலில் ரோமன் ஐந்து மட்டும் இருந்தது, 'சென்ட்ஸ்' என்ற சொல் இல்லை. அளவு ஐந்து டாலர் தங்கக் காசை ஒத்திருந்ததால் சிலர் முலாம் பூசி ஐந்து டாலர் என்று தள்ளிவிட்டார்கள். அதே ஆண்டு 'சென்ட்ஸ்' சேர்த்துவிட்டார்கள். மக்கள் முதல் வகையை எடுத்துப் பதுக்கிவைத்ததால் அது இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. முலாம் அன்று பூசியதா, போன வருடம் பூசியதா என்று நிரூபிப்பது கடினம். கதைக்காக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து வாங்குவதானால் முலாம் இல்லாத நல்ல ஏயூ காசு வாங்குங்கள்.

கோதுமைக் கதிர் சென்ட் முழு வரிசையும் சேர்க்க ஆசை. எல்லாமே எம்எஸ் 65-க்கு மேல், ஸ்லாபில் இருக்க வேண்டும் என்கிறார் என் நண்பர். அப்படித்தான் செய்ய வேண்டுமா?
– வி.ஆர்., சான் ஹோசே

வேண்டியதில்லை. உங்கள் நண்பரின் வழி பணம் நிறைய உள்ளவரின் வழி. எம்எஸ் 65-க்கும் 67-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகிய கண்ணே தடுமாறிப் பார்க்கும். விலையோ பாய்ந்து ஏறும். அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம், இந்தத் தரத்தில் எத்தனை காசுக்கு எண் போட்டிருக்கிறோம் என்று நிறுவனங்கள் வெளியிடும் கணக்கு. நாளைக்கு யாராவது ஒரு ரோலைத் திறந்து நல்ல காசுகளை அனுப்பினால் அந்தக் கணக்கு மாறிவிடும். நூறு வருடத்துக்கு முன் அடித்து முடித்த எண்ணிக்கை மாறாது. அதனால் நான் அரிய ஆண்டில்தான் பணத்தைப் போடுவேன், உச்ச எண்ணில் போடமாட்டேன்.

என் வரிசை விஎஃப் 20 முதல் ஏயூ 58 வரை. ஸ்லாபில் இருப்பவை போலி வரக்கூடிய ஆண்டுகள் மட்டும்: 1909-எஸ் விடிபி, 1914-டி, டி எழுத்து விழாமல் போன 1922, இரட்டை அச்சு விழுந்த 1955. 1931-எஸ் 8,66,000 மட்டுமே அடித்தது, ஆனால் அன்றே நிறையப் பேர் எடுத்துவைத்ததால் நல்ல நிலையில் கிடைக்கும். அதையும் ஸ்லாபில் வாங்கலாம். மற்றவை சாதாரண அட்டை உறையில், தரத்தைப் பென்சிலால் நானே எழுதி. இரண்டு டாலர் பெறும் சென்ட்டுக்குத் தரக் கட்டணமும் தபாலும் காப்பீடும் கட்டினால் காசைவிடப் பல மடங்கு செலவு.

ஏயூ 58 பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன். எம்எஸ் 60, 61 காசுகள் புழங்காதவைதான், ஆனால் மூட்டையில் ஒன்றோடொன்று மோதி முகமெல்லாம் வடுவாக இருக்கும். 58 கொஞ்சமே கொஞ்சம் புழங்கியது, முகம் சுத்தமாக இருக்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலரும் 58-ஐத்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான்.

பதினோரு வயது மகளுக்கு இதில் ஆர்வம் வந்திருக்கிறது. அதிகம் செலவு செய்யாமல் எப்படித் தொடங்குவது?
– ஒரு தாய், கேரி, வட கரோலினா

நிக்கலில் தொடங்குங்கள். எந்த வங்கியிலும் 40 நிக்கல் உள்ள ரோல் இரண்டு டாலர். பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நஷ்டமே இல்லை. ஜெஃபர்சன் நிக்கல் 1938-இல் தொடங்கியது. பழைய ஆண்டுகள் இன்றும் ரோலில் வருகின்றன. எப்போதாவது எருமை நிக்கலும் வரும், பெரும்பாலும் தேதி தேய்ந்துபோய். அந்தக் காசில் தேதியை மேடான இடத்தில் வைத்துவிட்டார்கள், அதனால் அதுதான் முதலில் போகும். மருந்து தடவித் தேதியை வரவழைக்கும் திரவம் விற்கிறார்கள். அது அந்த இடத்தை அரித்துவிடும், மகள் கையில் கொடுக்காதீர்கள்.

ரோலைப் பிரித்ததும் அவளை 1942 முதல் 1945 வரை உள்ள தேதிகளைத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் திருப்பி, மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே பார்க்க வேண்டும். அங்கே பெரிதாக பி, டி, எஸ் ஏதாவது ஒரு எழுத்து இருந்தால் அதில் 35 சதவீதம் வெள்ளி. போரில் நிக்கல் உலோகம் தேவைப்பட்டதால் அப்படிச் செய்தார்கள். பிலடெல்பியா தன் 'பி' எழுத்தை முதன்முதலாகக் காசில் போட்டதும் அப்போதுதான். 1942-இல் இரண்டு வகையும் உண்டு, அதனால் அந்த ஆண்டுக்குத் தேதி போதாது, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்து முடித்த ரோல்களை வேறொரு கிளையில் திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதே காசுகள் உங்கள் கைக்கே வரும்.